சிரிப்பு அக்காவின் வீட்டுக்காரர்

இந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளிக்கட்டுமா சார்? காத்து வரட்டும். உங்களுக்குத் தொந்தரவு இல்லையே? ... வேணாம், மூடிடறேன். மணல் அடிக்குது.

குதூகலபுரி எப்போ வரும்னு கண்டக்டரைக் கேட்டீங்களே, காதுல விழுந்துச்சு. நானும் அங்கதான் இறங்கறேன். முட்டுக்காடு பாலம் தாண்டி, கோவளம் தாண்டி, அதுக்கும் மேல கொஞ்சம் போகணும். வந்தா நான் சொல்றேன், நீங்க நிம்மதியா உக்காருங்க. முன்னாடி சீட்டுல இருக்கறது உங்க வீட்டுலயா? பக்கத்துல பச்சைச் சுடிதார், பொண்ணா? நல்லது. நல்லா சிரிக்குது. பஸ்ஸுக்கே கேக்குற மாதிரி சிரிக்குது. தப்பா சொல்லலை சார், சின்ன வயசு, சிரிக்கட்டும்.

மணி என்ன ஆச்சு? பதினொண்ணேகாலா? விழா மூணு மணிக்குத்தான். சீக்கிரமே கிளம்பிட்டேன். வீட்டுல இருப்புக் கொள்ளலை.

விழான்னா, குதூகலபுரி பார்க்கு ஆரம்பிச்சு முப்பது வருஷம் ஆகுதில்ல, அதுக்கு. இதோ பத்திரிகை. பாருங்க, வழவழன்னு எப்படி அடிச்சிருக்கான். உள்ள பிரிங்க. 'தொடக்க கால ஊழியர்களைக் கௌரவித்தல்'னு போட்டு நாலு பேரு. கடைசியில ஒரு போட்டோ இருக்குது பாருங்க, வாயைத் திறந்து சிரிச்சுக்கிட்டு ஒரு பொம்பளை. கீழ என்ன எழுதியிருக்கு? 'சிரிப்பு அக்கா திருமதி எழிலரசி.' அது எங்க வீட்டுலதான் சார். என் சம்சாரம்.

என் பேரைத் தேடறீங்களா? இருக்காது. நானும் முழுக்கத் தேடிட்டேன். பின்னட்டை வரைக்கும் தேடிட்டேன். எம்பேரு தணிகாசலம். அங்க மலைப்பாம்புன்னு ஒரு ரயில் இருந்துச்சு. வளைஞ்சு வளைஞ்சு மேல ஏறி, தலைகுப்புற கீழ பாயுமே, அது. முதல் நாள்லேர்ந்து அதுக்கு நான்தான் ஆபரேட்டர். இருபத்திரெண்டு வருஷம். அவ அதுல ஏறினது மூணரை மாசம். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசியில பாதி. ஏறி உக்காந்தவளுக்குப் பொன்னாடை. பத்திரமா இறக்கி விட்டவனுக்கு ஒண்ணும் இல்லை. நியாயமா சார்?

கொஞ்சம் காலை மடக்கிக்கறேன். ஒரே பக்கமா உக்காந்தா மரத்துப் போகுது.

இப்போ நீங்க பாக்குற குதூகலபுரி வேற சார். தொண்ணூத்தி மூணுல அங்க ஒண்ணுமே கிடையாது. சவுக்குத் தோப்பு, மணல், அதுக்கப்புறம் கடல். இந்த ரோடே அப்போ ஒத்தை ரோடு. எதிர்ல லாரி வந்தா நம்ம வண்டி மணல்ல இறங்கி நிக்கணும். ஏகாம்பரம்னு முதலாளி, செங்கல்பட்டுப் பக்கம் ரைஸ் மில் வெச்சிருந்தவர். வெளிநாடு போனாரு, எவனோ ரயில்ல ஏத்தித் தலைகீழா சுத்தி விட்டிருக்கான். திரும்பி வந்து மில்லை வித்துட்டாரு. 'நம்ம ஜனங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு, அதுங்களும் கத்தட்டும்யா'ன்னாரு. அவ்வளவுதான் அந்த மனுஷனோட கணக்கு.

மலைப்பாம்பு புதுசு இல்லை சார். அங்க எங்கயோ இருபது வருஷம் ஓடி, பிரிச்சு, பெட்டி பெட்டியா ஹார்பர்ல வந்து இறங்குச்சு. நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர். செங்கல்பட்டுல லேத்துப் பட்டறையில இருந்தேன், முதலாளி என்னைக் கையோட கூட்டிட்டு வந்துட்டாரு. ஆறு மாசம் கோத்தோம். கீழ் வேலை பூரா நான்தான். பேஸ் போல்ட், மோட்டார், செயின், பிரேக்கு. மேல ஏறி மாட்டறதுக்கு வேற ஆளுங்க இருந்தாங்க. அது அவங்க வேலை. எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே காதுல ஒரு கோளாறு. உயரம் போனா கிர்ருங்கும். பயம் இல்லை சார். காது.

பொங்கலுக்குத் திறந்தாரு. கூட்டம்னா கூட்டம், மாட்டு வண்டி கூட வந்துச்சு. ஆனா ஒருத்தர் ஏறணுமே! உள்ள வருவாங்க, புல்லுல துண்டை விரிப்பாங்க, புளியோதரையைப் பிரிப்பாங்க, மலைப்பாம்பை அண்ணாந்து பாப்பாங்க, எழுந்து போயிடுவாங்க. ஏறினா நெஞ்சு அடைச்சிடும்னு ஒருத்தன் கிளப்பி விட்டான். அஸ்திவாரத்துல ஆளை வெச்சுப் புதைச்சிருக்குன்னு இன்னொருத்தன். காலியாவே ஓட்டிக் காட்டுவேன். காலி ரயில் கடகடன்னு போயிட்டு வரும். பாக்கவே அபசகுனமா இருக்கும் சார், ஆள் இல்லாம ஒண்ணு அந்த வேகத்துல போறது.

குருவில்லான்னு கேரளாக்காரர் மேனேஜர். அவர்தான் யோசனை சொன்னாரு. ஞாயித்துக்கிழமை ஸ்டாஃப் எல்லாரும் குடும்பத்தோட வரணும், ஜனங்க கண்ணு முன்னாடி ஏறணும். சரின்னு எல்லாரும் பொண்டாட்டி, தங்கச்சி, மச்சான்னு கூட்டிட்டு வந்தோம். நானும் கூட்டிட்டுப் போனேன். கல்யாணம் ஆகி ஒண்ணரை வருஷம். உத்திரமேரூர் பக்கம் அவ ஊரு. வாய் திறந்து பேசவே மாட்டா. என்ன கேட்டாலும் 'சரிங்க'தான். இவ ஏறினா மயக்கம் போட்டுடுவா, பின்னாடி சீட்டுல போடலாம்னுதான் நான் நினைச்சேன். மத்தவங்க எல்லாம் முன் சீட்டுக்குப் போக மாட்டேன்னுட்டாங்க. இவ போய் உக்காந்துட்டா. அவளா போய் உக்காந்துட்டா சார், யாரும் சொல்லலை.

பட்டனைப் போட்டேன். செயின் இழுக்குது, டக் டக் டக்னு மேல போகுது. பின்னாடி பூரா 'ஐயோ முருகா'. உச்சிக்குப் போச்சு. பாஞ்சுது. அப்போ கேட்டேன்.

சிரிப்பு சார். கத்தலை, கூச்சல் இல்லை. சிரிப்பு. வயித்துலேர்ந்து வருமே, அடக்கவே முடியாம, அது. ரயில் எந்த வளைவுல திரும்புதோ அந்தப் பக்கத்துலேர்ந்து கேக்குது. வேலிக்கு வெளிய புளியோதரை சாப்பிட்டுக்கிட்டு இருந்த ஜனம் கையை அப்படியே வெச்சுக்கிட்டு அண்ணாந்து பாக்குது. அப்புறம் அதுங்களும் சிரிக்க ஆரம்பிச்சிடுச்சு. எதுக்குன்னு தெரியாமலே சிரிக்குது. ரயில் வந்து நின்னப்போ மத்த பொம்பளைங்க பாதிப் பேரு வாந்தி. இவ மட்டும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'இன்னொரு தடவை போகலாமா'ங்கறா. யாருகிட்ட கேக்கறா? எங்கிட்ட இல்லை, குருவில்லா சார்கிட்ட!

அன்னிக்குத்தான் மலைப்பாம்புக்கு முதல் க்யூ நின்னுச்சு.

இது என்ன, நீலாங்கரையா? இன்னும் நீலாங்கரையேவா? சிக்னல்ல போட்டுக் கொல்றான். ... இல்ல, நான் எழுந்திருக்கலை, சும்மா பாத்தேன்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டாரு. 'தணிகாசலம், உன் சம்சாரம் வேலைக்கு வருமா?' என்ன வேலைங்க? 'ஏறி உக்காரணும். அவ்வளவுதான். காலைல பத்துலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும், முன் சீட்டு.' உலகத்துல இப்படி ஒரு வேலை உண்டா சார்? நானும் சந்தோஷமாதான் ஒத்துக்கிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், முதல் மாசம் எனக்குப் பெருமைதான். ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போவோம். இவ காலைல அஞ்சு மணிக்கெல்லாம் எழுந்து சமைச்சு டப்பா கட்டிடுவா. மஞ்சள் புடவை குடுத்தாங்க. ஒரு நாளைக்கு முப்பது, முப்பத்தஞ்சு தடவை போவா. ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும். நடிப்பா இருக்குமோன்னு நானே உத்து உத்துக் கேட்டிருக்கேன். நடிப்பு இல்லை.

ஜனங்க சிரிப்பு அக்கா, சிரிப்பு அக்கான்னு பேரு வெச்சிடுச்சு. பயந்த பிள்ளைங்க எல்லாம் 'அந்த அக்கா பக்கத்துல உக்காரணும்'னு அடம் பிடிக்கும். காஞ்சிபுரத்துலேர்ந்து, திண்டிவனத்துலேர்ந்து பஸ் வெச்சுக்கிட்டு வர ஆரம்பிச்சாங்க. என்னையும் பேரு மாத்திட்டாங்க. 'யாரு? சிரிப்பு அக்கா வீட்டுக்காரரா?' டீக்கடையில, கேட்டுல, பார்க்கிங்ல, எங்க போனாலும் இதான். எனக்கு ஒரு பேரு இருக்கா இல்லையா? ஒரு நாள் பார்க்கிங்ல இருக்கறவன் கேக்கறான், 'அண்ணே, நாங்க டிக்கெட் எடுத்து அண்ணி சிரிப்பைக் கேக்குறோம், நீங்க வீட்டுல ஓசியிலயே கேப்பீங்களே'ன்னு.

வீட்டுல நான் கேட்டதே இல்லை சார்.

அதைத்தான் நான் அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். 'அங்க அப்படிச் சிரிக்கிறியே, அப்படி என்ன இருக்கு அங்க?' 'உச்சிக்குப் போனதும் கடல் தெரியும். கட்டுமரம் எல்லாம் தெரியும். அப்புறம் விழறதுக்கு முன்னாடி ஒரு நொடி நம்ம மேல எந்த பாரமும் இருக்காதுங்க. அப்போ தானா வந்துடுது'ன்னா. அவ்வளவு நீளமா அவ பேசினதே அன்னிக்குத்தான். 'நீங்களும் ஒரு தடவை வாங்களேன்'னா. நான் வந்தா பிரேக்கை யாரு பிடிக்கறது, உங்கப்பனா? அப்படித்தான் சொன்னேன். குருவில்லா சார் கூடச் சொன்னாரு, 'நீ போயி வா தணிகாசலம், பத்து நிமிஷம் நான் ஆளைப் போடறேன்'னு. முடியாதுன்னுட்டேன். பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்ல. அதோட காது வேற.

சித்திரையில ஒரு வாரப் பத்திரிகைக்காரன் கேமராவோட வந்தான். அவன் எடுத்த போட்டோதான் நீங்க பாத்தது. 'சிரித்தால் ஓடும் ரயில்'னு தலைப்புப் போட்டு நடுப்பக்கத்துல வந்துச்சு. தமிழ்நாடு பூராவும் போச்சு. குதூகலபுரிக்குப் பேரு வந்தது அதுலதான், அதை நான் மறுக்கலை. ஆனா எங்க அண்ணன் ஊருலேர்ந்து அந்தப் புத்தகத்தைச் சுருட்டிக்கிட்டு வந்து நிக்கறாரு. 'என்னடா இது, பல்லு அத்தனையும் தெரிய? பக்கத்து சீட்டுல எவன்டா இவன்?' பக்கத்து சீட்டுல எவன் இருந்தா என்ன சார், எவனோ ஒருத்தன், டிக்கெட் வாங்கினவன். ஆனா அண்ணன் கேட்டப்புறம்தான் நானும் பாத்தேன். மீசை வெச்ச ஆளு. அவனும் சிரிக்கிறான்.

அதுலேர்ந்து எனக்கு ஒரு இடத்துல நிலை கொள்ளலை. பிரேக்குக் கம்பியில கை இருக்கும், கண்ணு முன் சீட்டுல இருக்கும். இந்தத் தடவை பக்கத்துல யாரு, அடுத்த தடவை யாரு. ஒரு நாள் காலைல கிளம்பும்போது சொல்லிட்டேன். போதும், இன்னியோட நிறுத்திக்கன்னு. 'சரிங்க'ன்னு சொல்லுவான்னு பாத்தேன். எப்பவும் அதைத்தானே சொல்லுவா. அன்னிக்குச் சொல்லலை. டப்பா மூடியை அழுத்தி மூடிட்டு நிமிர்ந்து பாத்தா. 'நிறுத்திடறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நீங்க எங்கூட வந்து உக்காருங்க. உக்காந்துட்டு வந்து நிறுத்துன்னு சொல்லுங்க. அப்போவே நிறுத்திடறேன்'னா.

என்னா திமிரு பாருங்க. ஒரு தடவைதானே, ஏறி இறங்கியிருக்கலாமேன்னு நீங்க நினைப்பீங்க. ஏறியிருக்கலாம். நாலு நாள் காலைல எழுந்திருக்கும்போதெல்லாம் இன்னிக்கு ஏறிடறதுன்னுதான் நினைச்சுப்பேன். பிளாட்பாரத்துக்கு வந்து அந்த முன் சீட்டைப் பாப்பேன். ஒரு கால் கூட வெச்சேன் ஒரு நாள். கம்பியைத் துடைக்கிற மாதிரி துடைச்சுட்டு எடுத்துட்டேன்.

அஞ்சாம் நாள் அது நடந்துச்சு. லீவு சீசன். கூட்டம் நெரியுது. இருபத்திநாலு சீட்டும் ஃபுல்லு. முன்னாடி இவ. செயின் இழுத்துக்கிட்டு மேல போகுது. உச்சிக்கு இன்னும் ரெண்டு அடி இருக்கும். கரண்ட் போயிடுச்சு.

செயின் நின்னுடுச்சு. ரயில் அந்தரத்துல நிக்குது. பின்னாடி உருளாது, அதுக்கு அடியில கொக்கி இருக்கு, அதுல எந்த ஆபத்தும் இல்லை. நான் கோத்த கொக்கி. ஆனா ஜனத்துக்கு அது தெரியுமா? ஓன்னு அழுகை. ஒரு பெரியவர் தலைப்பாக்கட்டோட, 'இறக்கி விடுங்கடா'ன்னு எழுந்து நிக்கப் பாக்கறாரு. எந்திரிச்சிருந்தா போச்சு. இவ என்ன பண்ணினா தெரியுமா? முன் சீட்டுல முட்டி போட்டுப் பின்னாடி திரும்பிக்கிட்டா. என்னமோ பேசறா. கீழேர்ந்து எனக்குக் கேக்கலை. அப்புறம் அந்தப் பெரியவர் இறங்கி வந்து சொன்னாருங்க. ஆளுக்கு ஒரு வேலை குடுத்திருக்கா. 'நீங்க கட்டுமரத்தை எண்ணுங்க ஐயா. பாப்பா, நீ அந்த ராட்டினத்தைப் பாரு, ஒவ்வொரு தடவை சுத்தும்போதும் சிவப்புப் பெட்டியில எத்தனை பேருன்னு எண்ணிச் சொல்லு, ஐஸ் வாங்கித் தரேன்'னு. அழுதுக்கிட்டு இருந்த குட்டிங்க எல்லாம் ராட்டினம் சுத்தறதை எண்ணுதுங்களாம். பெரியவர் எங்கிட்ட சொல்றாரு, 'அந்த அம்மா இல்லைன்னா நான் குதிச்சிருப்பேன்யா.'

என்ன சார்?

ராட்டினமா? ஆமா, ராட்டினம் சுத்திக்கிட்டுதான் இருந்துச்சு. ஏன்?

ஓ.

கண்டக்டர்! உத்தண்டி தாண்டியாச்சா? ... தாண்டியாச்சாம். கானத்தூர் வரப்போகுது.

அது வேற லைன் சார், ராட்டினத்துக்கு. தனி லைன். ... தனி லைன் இல்லை. அப்போ எல்லாத்துக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான். நீங்க என்ன, கரண்ட் ஆபீஸ்ல வேலையா? இவ்வளவு நேரம் பேசாம வந்தீங்க, கரெக்டா அந்த இடத்துல கேக்கறீங்க.

கரண்ட் போகலை சார்.

சிவப்பு பட்டன் ஒண்ணு இருக்கு. அவசரத்துக்கு. கைக்குக் கிட்டயே இருக்கும். ரெண்டு நிமிஷம், ரெண்டே நிமிஷம் நிறுத்தி வெச்சு, அவ ஒரு தடவை பயந்து கத்தினா போதும். அதுக்கப்புறம் அவளே வர மாட்டா, நான் ஏறவும் வேணாம், நிறுத்துன்னு சொல்லவும் வேணாம். அவ்வளவுதான் நினைச்சேன். யாருக்கும் கெடுதல் நினைக்கலை. அவ கத்தின உடனே பச்சை பட்டனை அழுத்தியிருப்பேன். விரல் அதுமேலயேதான் இருந்துச்சு. கத்துவா, கத்துவான்னு பாக்கறேன். அவ கத்தலை சார். மத்த அத்தனை பேரும் கத்தறாங்க, அவ பிள்ளைங்க பக்கம் திரும்பிக்கிட்டு ஐஸ் வாங்கித் தரேங்கறா. ரெண்டு நிமிஷம் அஞ்சு நிமிஷம் ஆச்சு. குருவில்லா சார் பின்னாடி எழுதின ரிப்போர்ட்டுல பதினோரு நிமிஷம்னு இருந்துச்சு. அவர் ஓடி வர்றதைப் பாத்ததும்தான் பச்சையை அழுத்தினேன்.

ரயில் இறங்கி வந்துச்சு. ஜனங்க கை தட்டுது. எல்லாருக்கும் உயிர் திரும்பின சந்தோஷம். இவ மட்டும்தான் அன்னிக்குச் சிரிக்காம இறங்கினா. கம்பியைத் தூக்கிட்டு இறங்கி நின்னு என்னைப் பாத்தா. என் கையைப் பாத்தா.

குருவில்லா சாருக்குச் சந்தேகம். என்னை நிக்க வெச்சுக்கிட்டே அவகிட்ட கேட்டாரு. 'நீங்க மேலே இருந்தீங்களே, என்ன ஆச்சு?' அவ நிதானமா சொல்றா, 'மோட்டார் சூடாயிடுச்சு போலிருக்கு சார். பாவம், அவர் என்ன பண்ணுவார்.' முடிஞ்சுது. அதுக்கு மேல யாரும் கேக்கலை. என் வேலை தப்பிச்சுது.

அப்புறம் அந்தப் பிள்ளைங்களைத் தேடிப் பிடிச்சு வரிசையா நிக்க வெச்சு ஐஸ் வாங்கிக் குடுத்தா. சொன்ன சொல்லுக்கு.

வீட்டுக்கு வந்து சோறு போட்டா. மறுநாள் அஞ்சு மணிக்கு எழுந்து டப்பா கட்டினா, ஒரு டப்பா. 'நீ கிளம்பலையா?'ன்னேன். 'இல்லைங்க'ன்னா. அவ்வளவுதான். பயந்துட்டா சார். வெளியில காட்டிக்கலை, உள்ளுக்குள்ள பயந்துட்டா. பொம்பளைதானே. எனக்கு அன்னிக்கு அப்பாடான்னு இருந்துச்சு. பஸ்ல தனியா போனேன், ஜன்னலோர சீட்டு கிடைச்சுது.

குருவில்லா சார் ரெண்டு தடவை வீட்டுக்கே வந்து கூப்பிட்டாரு. காப்பி குடுத்து, 'உடம்புக்கு முடியலை சார்'னு அனுப்பிட்டா. வேற ஒரு பொண்ணைப் போட்டுப் பாத்தாங்க. அது சிரிச்சா தகர டப்பாவை உருட்டின மாதிரி இருக்கும். ஆனா அதுக்குள்ள ஜனத்துக்குப் பழகிப் போச்சு, தானாவே ஏற ஆரம்பிச்சிட்டாங்க. அப்புறம் பையன் பொறந்தான். இப்போ ஓசூர்ல இருக்கான். சின்ன வயசுல அவனை நான் எத்தனையோ தடவை பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன். அவனை அனுப்புவா, அவ வர மாட்டா. முப்பது வருஷத்துல ஒரு தடவை கூட அந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்கலை.

மத்தபடி அவளைக் குறை சொல்ல முடியாது. அடக்கமான பொம்பளை. தியேட்டர்ல காமெடி வந்தா ஊரே சிரிக்கும், இவ முந்தானையால வாயைப் பொத்திக்குவா. எங்க அண்ணனே பின்னாடி, 'நல்ல பொண்ணுடா'ன்னாரு.

முட்டுக்காடு வந்துடுச்சு. தண்ணியைப் பாருங்க. போட் எல்லாம் விடறான். உங்க பொண்ணு எழுந்து நிக்குது பாருங்க, பிரேக் போட்டா விழுந்துடப் போகுது. ... சரி, சரி, உங்க பொண்ணு. நான் ஏன் சொல்றேன்.

விழாப் பத்திரிகை வந்து பத்து நாள் ஆச்சு. நான்தான் வாங்கிப் பிரிச்சேன். சத்தமா படிச்சுக் காட்டினேன். அடுப்படியில பாத்திரச் சத்தம் நின்னுடுச்சு. 'முட்டி வலியோட உன்னால எங்க போக முடியும், உனக்குப் பதிலா நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்'னேன். முட்டி வலிக்குதுன்னு அவ சொன்னாளான்னா, சொல்லலை. ஆனா இந்த வயசுல வலிக்காமலா இருக்கும்?

இன்னிக்குக் காலைல நான் செருப்பு மாட்டும்போது வாசல் வரைக்கும் வந்தா. பத்திரிகையைக் கையில வாங்கினா. இந்தப் பத்து நாள்ல அதை அவ தொட்டதே அப்போதான். போட்டோவைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் சொல்றா, 'மேடையில ஏத்தினா, அக்கா ஏன் நின்னுட்டாங்கன்னு கேப்பாங்க. அத்தனை நல்லா ஓடிக்கிட்டு இருந்தப்போ திடீர்னு ஏன் நின்னாங்கன்னு கேக்காம இருக்க மாட்டாங்க. நீங்களே சொல்லிடுங்க.' நான் கேட்டேன், 'என்னன்னு சொல்றது?' என் முகத்தை நேராப் பாத்தா. 'உங்களுக்கு என்ன தெரியுமோ அதைச் சொல்லுங்க'ன்னா. பத்திரிகையை என் சட்டைப் பையில அவளே செருகிட்டு உள்ள போயிட்டா.

அதுலேர்ந்துதான் சார். எட்டு மணிக்குக் கிளம்பினேன். திருவான்மியூர்ல மூணு பஸ்ஸை விட்டுட்டேன்.

நீங்க சொல்லுங்க. அவ பயந்துட்டான்னு சொல்லலாம். முப்பது வருஷமா நான் எல்லாருகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். யாரு மறுக்கப் போறா? ஆனா அந்தப் பதினோரு நிமிஷத்துல அங்க இருந்த யாராவது ஒருத்தர் கூட்டத்துல உக்காந்திருந்தா? அந்த ஐஸ் வாங்கின குட்டிங்களுக்கு இப்போ நாப்பது வயசு இருக்கும். உங்க வயசு. அதுல ஒண்ணு எழுந்து, 'அந்த அக்காவா பயந்தாங்க?'ன்னு கேட்டா நான் என்ன சார் சொல்றது?

... நடந்ததையேவா? அதெப்படி சார் மேடையில சொல்றது? மைக்கு இருக்கும். குருவில்லா சாரை வேற வீல் சேர்ல கூட்டிட்டு வராங்களாம்.

வீட்டுல சொல்லலாமா? அவகிட்டயா? அவளுக்குத்தான் தெரியுமே. தெரிஞ்சவகிட்ட போய் என்னத்தைச் சொல்றது.

கோவளம் தாண்டிடுச்சு. அதோ, அந்த ஆர்ச்சு தெரியுது பாருங்க, யானை ரெண்டு பக்கமும் துதிக்கையைத் தூக்கிக்கிட்டு. அதான். பேனர் எல்லாம் கட்டியிருக்கான். எழுந்திரிங்க சார், உங்க வீட்டுலயும் பொண்ணையும் கூப்பிடுங்க, இங்க ரொம்ப நேரம் நிக்க மாட்டான். பையை எடுத்துக்கிட்டீங்களா? குடை? மேல கம்பியில மாட்டினீங்களே.

நானா? நீங்க முன்னாடி இறங்குங்க. வரேன். ... விழாவுக்குத்தான் இன்னும் நேரம் இருக்கே சார். நீங்க போங்க, பொண்ணு கூப்பிடுது பாருங்க. போங்க, விசில் அடிக்கப் போறான்.

ஐயா, கண்டக்டர். இங்க வாங்க. இல்ல, நான் இறங்கலை. மகாபலிபுரத்துக்கு ஒரு டிக்கெட் குடுங்க.